மாதிரி வேறு, மூட்டை வேறு: உலர் பீங்கான் மண் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

நான்கு மூட்டை, 200 கிலோ. அதில் ஒரு கிலோகூட இனிப் பயன்படாது. இன்னொருவர் இப்படி ஏமாறக் கூடாது என்பதற்காக நடந்ததை எழுதுகிறேன்.

புதுச்சேரிக்கு அருகில் தனியாளாக மட்கலப் பட்டறை நடத்துகிறேன். பிசைந்த மண்ணில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர்தான். தண்ணீருக்கும் லாரி வாடகை கொடுப்பானேன் என்று இந்த முறை பீங்கான் மண்ணை உலர்ந்த தூளாகவே வாங்க நினைத்தேன். வடமாநில வியாபாரி ஒருவர் இரண்டு கிலோ மாதிரி அனுப்பினார். சீனக்களிமண் பாதி, பெல்ட்ஸ்பார் கால், குவார்ட்ஸ் கால் என்ற வழக்கமான கலவைதான் என்றார். கோன் 10 வரை, அதாவது 1,300 டிகிரியை நெருங்கிச் சுட்டபோது பால்போல் வெளுத்தது. மெல்லிய விளிம்பில் வெளிச்சம் ஊடுருவியது. அந்த மகிழ்ச்சியில் முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பிவிட்டேன். பில் சரக்கோடு வரும் என்றார். நான்கு மூட்டைகள் வந்தன, பில் வரவில்லை.

பிசைந்தபோதே குழைவு குறைவாகத் தெரிந்தது. ஊற ஊறப் பதப்படும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். 36 கிண்ணங்கள் வனைந்தேன். முதல் சூட்டுக்குப் பிறகு அவை வழக்கத்தைவிட லேசாக இருந்தன. மெருகிட்டு மறுபடி ஏற்றினேன். சூளையைத் திறந்தால் ஒரு கிண்ணமும் இல்லை. எல்லாம் உருகி ஓடி, சூளைக்குள் கலங்களை அடுக்கும் தட்டுகளோடு ஒட்டிக் கிடந்தன. சிலிக்கன் கார்பைட் தட்டுகள் இரண்டும் பாழ்.

“உங்கள் சூளையில் சூடு மிஞ்சியிருக்கும்” என்றார் வியாபாரி. மாதிரி மண்ணில் மிஞ்சியதைக் கொண்டு செய்த பட்டை ஒன்றை அதே தட்டில்தான் வைத்திருந்தேன். அது வளையாமல் வெள்ளையாக நின்றது. படத்தை அனுப்பினேன். அதன் பிறகு அவர் தொலைபேசியை எடுக்கவில்லை.

மூட்டைத் தூளில் வினிகர் விட்டுப் பார்த்தேன், நுரைத்துப் பொங்கியது. நான்கு மூட்டையிலும் அப்படியே. இந்தக் கலவை நுரைக்கவே கூடாது. நுரைத்தால் சுண்ணாம்புக்கல் தூள் கலந்திருக்கிறது. அடுத்து எடை. நன்றாகக் காய்ந்த பட்டையை 1,000 டிகிரிக்குச் சுட்டால் இந்தக் கலவை 7 சதவீதம் அளவுக்கு எடை இழக்க வேண்டும். இது 15 சதவீதம் இழந்தது. சுண்ணாம்புக்கல்லில் 44 சதவீதம் கரியமில வாயுவாகப் போய்விடும். அதை வைத்துக் கணக்குப் போட்டால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கலப்படம். அந்தச் சுண்ணாம்புதான் உச்சச் சூட்டில் மண்ணையே உருக்கியிருக்கிறது.

மாதிரியை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். சரக்கு வந்ததும் ஒவ்வொரு மூட்டையின் அடியிலிருந்தும் ஒரு பிடி எடுத்துச் சோதியுங்கள். அதுவரை பாதிப் பணமாவது உங்கள் கையில் இருக்கட்டும். சுண்ணாம்புக்கல்லைப் போன்ற, மக்னீசியம் கலந்த டோலமைட் என்ற கல்லின் தூள் குளிர்ந்த வினிகரில் அவ்வளவாக நுரைக்காது, ஆகவே எடைச் சோதனையையும் விடாதீர்கள். சோதனைப் பட்டையைப் பழைய கிண்ணம் ஒன்றுக்குள் வைத்துச் சுடுங்கள், தட்டு பிழைக்கும். மாதிரியில் அரைக் கிலோவை எடுத்து வையுங்கள். தூளைக் கையாளும்போது முகமூடி கட்டாயம். சிலிக்கா தூசி நுரையீரலை விட்டு வெளியேறாது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். பில் இல்லாததால் வங்கி ரசீதும் அவர் அனுப்பிய குறுஞ்செய்திகளும்தான் ஆதாரம். மூட்டைகளைத் தூக்கி எறியவில்லை. வாயைக் கட்டி, தேதி எழுதி, பட்டறை மூலையில் வைத்திருக்கிறேன்.