கூலிங் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தால் முதலில் டின்னைப் பாருங்கள்

அரசு மானியத்தில் கட்டிய சின்ன வீடு எங்களுடையது. விருதுநகர் பக்கத்து வெயிலில் பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம், ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் அனலை இறக்கிக்கொண்டே இருக்கும். குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அதனால்தான் மார்ச் மாதம், வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை கூலிங் பெயிண்டை மாடியில் அடித்தால் சூடு குறையும் என்று வாசலுக்கு வந்த ஆளை நம்பினோம்.

மொட்டைமாடியில் ஒரு முழம் அகலத்துக்கு அடித்துக் காட்டினார். துப்பாக்கி போலிருக்கும் வெப்பமானியை வெள்ளைப் பகுதியிலும் பக்கத்துத் தரையிலும் பிடித்தார். இருபது டிகிரி வித்தியாசம். "வீட்டுக்குள்ளும் இதேதான், கரண்ட் பில் பாதியாகும்" என்றார். ஏமாந்தது இந்த இடத்தில்தான். அந்தக் கருவி காட்டுவது தளத்தின் மேல்சூட்டை மட்டும். நல்ல பெயிண்டே அடித்தாலும் அறைக்குள் குறைவது சில டிகிரிதான். ஏசி ஓடும் வீட்டில் அதனால் கரண்ட் மிச்சமாகும். எங்களிடம் இருப்பது இரண்டு ஃபேனும் ஒரு ஃப்ரிட்ஜும். பில் எப்படிப் பாதியாகும்?

400 சதுர அடி, அடிக்கு 45 ரூபாய். 18,000 ரூபாயையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டார். வந்த டின்களில் லேபிளே இல்லை. தளத்தைக் கழுவவில்லை, பிரைமர் இல்லை, தண்ணீர் ஊற்றிக் கலக்கி ஒரே கோட். சித்திரையில் பெய்த முதல் மழைக்கே அப்பளம் மாதிரி உரிந்து வந்தது. எதிர்வீட்டுக் கொத்தனார் அண்ணன் ஒரு துண்டை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். "இது சாதா சுவர் பெயிண்ட் தம்பி, தளத்துல நிக்காது." அப்புறம் அந்த ஆள் போனையே எடுக்கவில்லை.

அகமதாபாத்தில் 2017-ல் ஏழை மக்களின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளைச் சுண்ணாம்புதான் அடித்தார்கள். சூடு குறைய அதுவே உதவும். மழையில் கரைவதால் அடிக்கடி அடிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இதை முன்பே தெரிந்துகொள்ளவில்லையே என்பதுதான் பணம் போனதைவிட எனக்கு ஆறவில்லை.

பெயிண்ட்தான் வேண்டுமென்றால், சீல் உடைக்காத டின்னை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். எஸ்.ஆர்.ஐ. எண் எவ்வளவு என்று கேளுங்கள். வெயிலைத் திருப்பி அனுப்புவதும், வாங்கிய சூட்டை வெளியே விடுவதும் சேர்ந்த திறனுக்கான அளவு அது. கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100 என்று வைத்துக் கணக்கிடுவது. பில் கையில் வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915-ல் நான் புகார் சொன்னபோது, காட்டுவதற்கு என்னிடம் ஒரு போன் நம்பரைத் தவிர வேறெதுவும் இல்லை.

இந்த வாரம் உரிந்ததையெல்லாம் சுரண்டி எடுக்கிறோம். தளம் கழுவிக் காய்ந்ததும் சுண்ணாம்பு.