நேர்முகப் பரீட்சை விடைகள்: பாடமாக்குவதா, குறிப்பா, சம்பவமா?

திருகோணமலையில் நேர்முகப் பரீட்சை என்றால் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. மாகாண சபை அலுவலகம் ஒரு விதம், வங்கி ஒரு விதம், சீனக்குடாப் பக்கத்து ஆலை இன்னொரு விதம், நிலாவெளி ஹோட்டல் வேறு விதம். ஆனால் நம் பிள்ளைகள் தயாராகும் விதம் மட்டும் எங்கும் ஒன்றுதான். யாரோ எழுதிய விடையைக் கொப்பியில் இறக்கி, உயர்தரப் பரீட்சைக் குறிப்பைப் போலப் பாடமாக்குவது.

வேறு வழிகளும் உண்டு. விடையை முழுதாக எழுதாமல் நாலு சொல்லில் குறிப்பு வைத்துக்கொள்ளலாம். அல்லது விடையே தயாரிக்காமல், சொந்த அனுபவத்தில் நாலைந்து சம்பவங்களை மட்டும் தேர்ந்து வைத்திருக்கலாம். மூன்றில் எது நல்லது என்று கேட்டால், கேள்வியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் அரச வேலையைத் தள்ளி வைத்துவிடுகிறேன். பொது நேர்முகப் பரீட்சை என்று போட்டிருந்தால் அதற்குப் புள்ளி இல்லை, தகைமையைச் சரிபார்ப்பதுதான் வேலை. கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சை என்றால் புள்ளித் திட்டம் உண்டு, அதில் பெரும் பங்கு சான்றிதழ்களுக்கே போகும். இரண்டிலும் பேச்சைவிட பைல்தான் முக்கியம். மூலப் பிரதி, உறுதிப்படுத்திய பிரதி எல்லாம் கேட்ட ஒழுங்கில் இருக்கட்டும்.

தனியார் வேலையில்தான் இந்த மூன்று முறைக்கும் போட்டி. பாடமாக்குவதை ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பது எப்படியும் வரும். அதுவும் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ சொல்ல வேண்டி வந்தால், முதல் அரை நிமிடத்துக்கு நாலைந்து வசனம் வாயில் நின்றால் நடுக்கம் குறையும். சிக்கல் அதற்குப் பிறகுதான். ஒரு பிள்ளை 'பாடசாலையில் மாணவத் தலைவியாக இருந்தேன், வலைப்பந்து அணியிலும் விளையாடினேன்' என்று ஓட்டமாகச் சொல்லிக்கொண்டு போகிறாள். எதிரே இருப்பவர் ஆர்வமாக, 'வலைப்பந்தா? எந்த இடத்தில் விளையாடினீங்கள் தங்கச்சி?' என்கிறார். 'கோல் டிஃபென்ஸ், சேர்' என்கிறாள். சரி, அடுத்த வசனம்? வரவில்லை. மேலே பார்க்கிறாள், கீழே பார்க்கிறாள், மறுபடி 'என்னுடைய பெயர்...' என்று ஆரம்பிக்கிறாள். அவருக்கோ அந்த வலைப்பந்துக் கதைதான் கேட்க வேண்டியிருந்தது.

சம்பவ முறை வெல்வது இந்த இடத்தில். பயிற்சி வகுப்புகளில் இதை ஸ்டார் முறை என்பார்கள்: நிலைமை என்ன, என் பொறுப்பு என்ன, நான் என்ன செய்தேன், முடிவு என்ன. ஒரு உதாரணம் பாருங்கள். போட்டோகொப்பிக் கடையில் நின்ற ஒரு தம்பி. உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு கடை நிறையக் கூட்டம். ஒருவருடைய மூலச் சான்றிதழ் இன்னொருவருடைய பைலுக்குள் போய்விட்டது. உரியவர் வந்து சத்தம் போடுகிறார். தம்பி அவரை இருத்தி, முதலாளியிடம் உள்ளதைச் சொல்லி, பில் புத்தகத்தில் இருந்த நம்பர்களுக்கு ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டு, கடைசியில் அலஸ்தோட்டத்துக்குச் சைக்கிளில் போய் வாங்கி வந்து கொடுத்தான். அப்புறம், மூலப் பிரதியைக் கையில் கொடுத்த பிறகே காசு வாங்குவது என்று கடையில் ஒரு வழக்கம் வந்தது.

இந்த ஒரு சம்பவம் எத்தனை கேள்விக்கு உதவும் என்று எண்ணிப் பாருங்கள். கோபமான வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பீர்கள்? நெருக்கடியில் வேலை செய்திருக்கிறீர்களா? நீங்கள் விட்ட பிழை ஒன்று? மூன்றுக்கும் இதே கதைதான், அழுத்தும் இடம் மட்டும் மாறும். இடையில் யார் குறுக்கிட்டாலும் கதை அறுந்து போகாது, நடந்ததைத்தானே சொல்கிறீர்கள். ஒரு குறை உண்டு: ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாமல் நீட்டுவது. ஃபோனில் பதிவு செய்து கேட்டால் எங்கே வெட்டுவது என்று தானாகத் தெரியும்.

'உங்கள் பலவீனம் என்ன?' என்ற கேள்விக்குப் பாடமாக்கிய விடைதான் மிக மோசம். 'அளவுக்கு மீறி உழைப்பேன்' என்று சொன்னால் எதிரே இருப்பவர் சிரிப்பை அடக்குவார். தமிழ், சிங்களம் இரண்டும் புழங்கும் ஊர் இது. 'சிங்களம் விளங்கும், பேசும்போது தடுமாறுவேன். இப்போது கடைக்கு வருகிறவர்களோடு துணிந்து பேசிப் பழகுகிறேன்' என்பது உண்மையாக இருந்தால், அதைவிட நல்ல விடை தேட வேண்டாம்.

குறிப்பு முறைக்கு ஏற்ற கேள்வி 'ஏன் இங்கே வேலைக்கு வருகிறீர்கள்?' என்பது. இதற்குச் சொந்தக் கதை போதாது, தகவல் வேண்டும். உப்புவெளி ஹோட்டல் என்றால், நமது கரையின் சீசன் தென்கரைக்கு நேர்மாறு என்பது தெரிந்திருக்க வேண்டும். இங்கே கூட்டம் ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை, அங்கே டிசம்பர் முதல் மார்ச் வரை. 'மழைக் காலத்தில் ஆள் குறையுமே, அப்போது என்ன செய்வீர்கள்?' என்று கேட்டால், யோசித்து வைத்தவருக்கும் வைக்காதவருக்கும் வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

சாட்ஜிபிடியிடம் விடை எழுதி வாங்குவதும் பாடமாக்கும் கட்சிதான், இங்கிலீஷ் கொஞ்சம் மினுங்கும், அவ்வளவே. விடை வாங்குவதை விட்டு, அதையே கேள்வி கேட்கச் சொல்லிப் பழகினால் பயன் உண்டு.

சம்பளக் கேள்விக்கு மூன்று முறையும் உதவாது, கணக்குத்தான் உதவும். ஈபிஎஃப்புக்கு, அதாவது ஊழியர் சேமலாப நிதிக்கு, உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் கழியும், முதலாளி 12 சதவீதம் போடுவார். 50,000 ரூபாய் என்றால் 4,000 போய்க் கையில் வருவது 46,000. ஹோட்டல் என்றால் சேவைக் கட்டணத்தில் பங்கு உண்டா, சீசன் இல்லாத மாதத்தில் அது எவ்வளவுக்கு இறங்கும் என்றும் கேளுங்கள். இதை முதல் நாளே போட்டுப் பார்த்தவர், 'எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?' என்றதும் 'நீங்களே பார்த்துத் தாங்கோ சேர்' என்று இழுக்க மாட்டார்.