ரெப்ளிகேஷன் கணக்குக்குச் சான்றிதழா, கடவுச்சொல்லா?

ஒரு பிரைமரி (முதன்மை சர்வர்), அதன் தரவைத் தொடர்ந்து நகலெடுக்கும் இரண்டு ஸ்டாண்ட்பை என மூன்று சர்வர்களில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை நடத்தும் எங்கள் குழு, அந்த நகலெடுப்புக்காக ஸ்டாண்ட்பைகள் பிரைமரியில் நுழையும் ரெப்ளிகேஷன் கணக்கை முதலில் கிளையன்ட் சான்றிதழில் (இணையும் சர்வரின் அடையாளத்தை நிரூபிக்கும் டிஜிட்டல் கோப்பு) அமைத்து, பின்னர் ஸ்க்ராம் கடவுச்சொல்லுக்கு மாற்றியது. எங்களைப் போன்ற சிறிய அமைப்புகளுக்கு நான் ஸ்க்ராமையே பரிந்துரைக்கிறேன்.

பாதுகாப்பில் இரண்டுமே போதுமானவை. போஸ்ட்கிரெஸ் 10ஆம் பதிப்பில் வந்த ஸ்க்ராம்-ஷா-256 முறையில் கடவுச்சொல் நெட்வொர்க்கில் அப்படியே செல்வதில்லை. எதைத் தேர்ந்தாலும், யார் எப்படி இணையலாம் என்று சொல்லும் பிஜி_எச்பிஏ கோப்பில் 'ரெப்ளிகேஷன்' எனத் தனி வரி வேண்டும்; தரவுத்தளப் பெயர் 'ஆல்' என்றுள்ள வரி அதற்குப் பொருந்தாது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது காலாவதி. ஸ்டாண்ட்பையின் இணைப்பு மாதக்கணக்கில் அறுபடாமல் இருக்கக்கூடியது. சான்றிதழோ இணைப்பு தொடங்கும்போது மட்டுமே சரிபார்க்கப்படுகிறது. ஆகவே எங்கள் சான்றிதழ் காலாவதியான பின்னும் ரெப்ளிகேஷன் ஒழுங்காகவே நடந்தது. சில வாரங்கள் கழித்து ஒரு நெட்வொர்க் ஸ்விட்சை மறுதொடக்கம் செய்தபோது இணைப்பு அறுந்தது. இரண்டு ஸ்டாண்ட்பைகளாலும் மீண்டும் இணைய முடியவில்லை. ஒவ்வொரு ஸ்டாண்ட்பையும் எதுவரை பெற்றது என்று குறித்துவைக்கும் ரெப்ளிகேஷன் ஸ்லாட்டுகள், அவற்றுக்காக வால் கோப்புகளை (தரவு மாற்றங்களின் பதிவுகள்) நீக்கவிடாமல் பிடித்துவைத்திருந்ததால், பிரைமரியின் டிஸ்க் நிரம்பத் தொடங்கியது. 13ஆம் பதிப்பு முதல் அந்தத் தேக்கத்துக்கு வரம்பு வைக்கலாம் என்றாலும், நாமாக அமைக்காதவரை வரம்பு எதுவும் இல்லை.

கடவுச்சொல்லுக்கு நாம் கெடு விதிக்காவிட்டால் காலாவதி கிடையாது. அதை மாற்றுவதில் ஒரு சிக்கல் உண்டு: ஒரு கணக்குக்கு ஒரு நேரத்தில் ஒரே கடவுச்சொல்தான். அதனால் ரெப்ளிகேஷன் உரிமையுள்ள இரண்டு கணக்குகளை வைத்து, மாற்றும் நேரம் வரும்போதெல்லாம் பயன்பாட்டில் இல்லாத கணக்குக்குப் புதிய கடவுச்சொல் கொடுத்து, ஸ்டாண்ட்பைகளை ஒவ்வொன்றாக அதற்கு நகர்த்துகிறோம். 13ஆம் பதிப்பு முதல் ஸ்டாண்ட்பையில் இணைப்பு விவரங்கள் உள்ள பிரைமரி_கான்இன்ஃபோ அமைப்பைத் திருத்தி ரீலோட் செய்தாலே புதிய இணைப்பு உருவாகிவிடுவதால், பிழை இருந்தால் நாம் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்திலேயே தெரிந்துவிடுகிறது.

இதிலும் சான்றிதழ் முழுவதுமாக விலகிவிடுவதில்லை. சர்வரின் சான்றிதழையும் பெயரையும் ஸ்டாண்ட்பை சரிபார்க்கும் வெரிஃபை-ஃபுல் அமைப்பை வைத்தால் பிரைமரியின் சர்வர் சான்றிதழுக்குக் காலாவதி உண்டு. ஆனால் எங்கள் செயலிகளும் அதே சான்றிதழைச் சரிபார்த்து அடிக்கடி புதிதாக இணைவதால், அது தவறினால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

பல சர்வர்களில் மென்பொருளைத் தானாக நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில், போஸ்ட்கிரெஸை நடத்தித் தரும் கிளவுட்நேட்டிவ்பிஜி போன்ற ஆபரேட்டர் (நிர்வாக நிரல்), ரெப்ளிகேஷனுக்கான சான்றிதழைத் தானே வழங்கிக் காலாவதிக்கு முன் தானே புதுப்பிக்கிறது. அங்கே என் முக்கிய ஆட்சேபமே விழுந்துவிடுகிறது. என் அனுபவம் மூன்று சர்வர்களுடன் நிற்பதால், அத்தகைய பெரிய அமைப்புகளுக்கு இந்தப் பரிந்துரையை நீட்டிக்க மாட்டேன்.