ஓபிஎஸ் ஸ்டூடியோ: வீடியோ எங்கே வெட்டுகிறது என்று காட்டிக்கொடுக்கும் மென்பொருள்

வீட்டுக் கணினியிலிருந்து கேம் ஆடி நேரலையில் விடுகிற எல்லோருக்கும் இது நடந்திருக்கும். நம் திரையில் கேம் வழுவழுவென்று ஓடிக்கொண்டிருக்கும்போது சாட்டில் ஒருவர் "ப்ரோ, லேக் அடிக்குது" என்று எழுதுவார். அடுத்த நொடியே இன்னொருவர் "எனக்கு நல்லாத்தானே வருது" என்பார். யார் சொல்வதை நம்புவது? அதற்கப்புறம் கண் கேமில் நிற்காது, சாட்டிலேயே கிடக்கும்.

கணினித் திரையை நேரலையில் விடவும் பதிவு செய்யவும் உதவும் மென்பொருள்தான் ஓபிஎஸ் ஸ்டூடியோ. அதற்கு விமர்சனம் எழுதுகிறவர்கள் சீன், சோர்ஸ், ஃபில்டர் என்றுதான் தொடங்குவார்கள். அதையெல்லாம் வேண்டிய அளவு எழுதிவிட்டார்கள். இலவசம், திறந்த மூலம், வாட்டர்மார்க் கிடையாது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், 2012லிருந்து இருக்கிறது. போதும். நான் இதைவிட்டு வேறு மென்பொருளுக்குப் போகாததற்குக் காரணம், டாக்ஸ் மெனுவுக்குள் இருக்கும் 'ஸ்டேட்ஸ்' என்ற சின்னப் பலகை. பளபளப்பான போட்டி மென்பொருள்களை எனக்குப் பலர் சிபாரிசு செய்திருக்கிறார்கள். வீடியோ விட்டு விட்டு வரும்போது காரணத்தை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் பலகை இருந்தால், மற்ற அழகெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்.

வீடியோ என்பது அடுத்தடுத்து ஓடும் தனித்தனிப் படங்கள்தான், ஒவ்வொன்றும் ஒரு ஃப்ரேம். அந்தப் பலகையில் பார்க்க வேண்டியவை மூன்று வரிகள். ரெண்டரிங் லேக்கால் தவறிய ஃப்ரேம்கள், என்கோடிங் லேக்கால் விடப்பட்ட ஃப்ரேம்கள், நெட்வொர்க்கால் கைவிடப்பட்ட ஃப்ரேம்கள். கேமிலிருந்து படத்தை எடுத்து, வெப்கேம், சாட் பெட்டி எல்லாவற்றையும் அதன்மேல் ஒட்டி ஒரே ஃப்ரேமாக்குவது (ரெண்டரிங்) முதல் வேலை. இது கிராபிக்ஸ் கார்டில் நடக்கிறது. அதைச் சுருக்குவது (என்கோடிங்) இரண்டாவது, இணையத்தில் அனுப்புவது மூன்றாவது. எந்த இடத்தில் ஃப்ரேம் தொலைகிறதோ அந்த வரியின் எண் ஏறும், சதவீதம் கூடக்கூட மஞ்சளாகி, அப்புறம் சிவப்பாகும். பார்ப்பவருக்கு மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் ஒன்றுக்கான வைத்தியம் இன்னொன்றுக்குப் பயன்படாது.

இது தெரியாமல் பலர் முதலில் இன்டர்நெட்டைத்தான் திட்டுகிறார்கள். என் சித்தப்பா மகன் அப்படித்தான், பிளானை உயர்த்தி, ரவுட்டரையும் மாற்றிவிட்டு, "அண்ணா, நெட் இன்னும் சரியாகலை" என்று போன் செய்தான். ஸ்டேட்ஸைத் திறந்து திரையைக் காட்டச் சொன்னேன். நெட்வொர்க் வரி பூஜ்யத்திலேயே இருந்தது. முதல் வரி மட்டும் விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தது. அதிலும் வேடிக்கை, அவன் சண்டை போடும்போது மெதுவாக ஏறிய எண், கேமின் மெயின் மெனுவுக்கு வந்ததும் தலைதெறிக்க ஓடியது. மெனுவில் ஒரு பொம்மையும் நாலு பட்டனும்தானே இருக்கிறது என்று அவனுக்கு ஒரே குழப்பம். அங்கேதான் விஷயம். பல கேம்கள் மெனுவில் எந்த வரம்பும் இல்லாமல் நொடிக்கு நூற்றுக்கணக்கான ஃப்ரேம்களை வரைந்து தள்ளும். கிராபிக்ஸ் கார்டு நூறு சதவீதத்துக்குப் போய்விடும். ஓபிஎஸ் தன் ஃப்ரேமை ஒட்டுவதற்கு அதே கார்டில் முறை கேட்டு நிற்கிறது, கேம் இடம் விட்டால்தானே?

நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிநொடி. அதற்குள் முடியவில்லை என்றால் அந்த ஃப்ரேம் போனதுதான். ஒரு ஃப்ரேமை வரைய சராசரியாக எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்றும் அதே பலகையில் ஒரு வரி இருக்கிறது. அது ஒற்றை இலக்கத்தில் இருந்தால் நிம்மதி. 16ஐ நெருங்கினால் கார்டுக்கு மூச்சு முட்டுகிறது என்று பொருள்.

தீர்வு சுலபம், ஆனால் கேம் ஆடுகிறவனுக்குக் கசக்கும்: கேமின் அமைப்பில் போய் எஃப்பிஎஸ்ஸுக்கு, அதாவது நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பதற்கு, ஒரு வரம்பு வைக்க வேண்டும். மெனுவுக்குத் தனி வரம்பு இருந்தால் அதையும். கார்டில் கொஞ்சம் இடம் மிஞ்சும்படி பார்த்துக்கொண்டால் முதல் வரி அடங்கிவிடும். விண்டோஸில் இன்னொரு வழியும் உண்டு. ஓபிஎஸ்ஸை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் கிராபிக்ஸ் கார்டில் அதற்கு முன்னுரிமை கிடைக்கிறது. ரைட் கிளிக் செய்து ஒரு வரியைத் தேர்ந்தெடுப்பதோடு வேலை முடிந்தது. தம்பிக்கு இந்த இரண்டிலேயே சரியாகிவிட்டது. புது ரவுட்டர் அழகாக மூலையில் மினுக்கிக்கொண்டிருக்கிறது, இருக்கட்டும்.

வரம்பு வைக்கும்போது கணக்கையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவர்கள் கேமை 144இல் ஓட்டி, ஒளிபரப்பை 60இல் விடுகிறார்கள். 144ஐ 60ஆல் வகுத்தால் மிச்சம் வரும். அதனால் ஃப்ரேம்கள் சீரான இடைவெளியில் விழாமல் லேசாக உதறுவது போலத் தெரியும். ஸ்டேட்ஸில் ஒரு எண்ணும் ஏறாது, ஏனென்றால் எதுவும் தொலையவில்லை. கேமை 120க்கு இறக்கினால் இரண்டுக்கு ஒன்று என்று ஒழுங்காகப் பொருந்திவிடும்.

இரண்டாவது வரி ஏறினால் சுருக்கும் வேலை திணறுகிறது. எக்ஸ்264 என்கோடரைத் தேர்ந்தெடுத்திருந்தால் வேலை முழுவதும் பிராசசரின் தலையில் விழும். அதே பிராசசரைத்தான் கேமும் கேட்கிறது. 'வெரிஃபாஸ்ட்' என்று இயல்பாக இருக்கும் அமைப்பை, தரம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு 'மீடியம்' வரை இறக்கி வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே கணினியில் கேமும் ஆடிக்கொண்டு அதைச் செய்வது வீண் வம்பு. என்விடியா கார்டு இருந்தால் என்வென்க், இன்டெல் என்றால் குவிக்சிங்க், ஏஎம்டிக்கும் அதனுடையது இருக்கிறது. சுருக்குவதற்கென்றே சிப்பில் தனியாக ஒதுக்கிய பகுதி அது, பிராசசருக்குப் பெரிய சுமை இருக்காது. அப்படியும் எண் ஏறினால் படத்தின் அளவை 1080பியிலிருந்து 720பிக்கு இறக்குங்கள். ஒரு ஃப்ரேமில் 20 லட்சத்துக்கு மேல் இருந்த பிக்சல்கள் 9 லட்சத்துச் சொச்சமாகிவிடும், பாதிக்கும் கீழே. செல்போனில் பார்ப்பவர்களில் பாதிப் பேருக்கு வித்தியாசமே தெரியாது என்பது என் எண்ணம்.

மூன்றாவது வரிக்கு வருவோம். ஒளிபரப்புக்கு வேண்டியது ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் போகும் அப்லோடு. ட்விட்ச் என்ற நேரலைத் தளத்தில் 1080பி 60க்குச் சொல்லப்படும் 6000 கேபிபிஎஸ் (நொடிக்கு 6000 கிலோபிட்) என்பது ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2.7 ஜிபி. வேகச் சோதனைத் தளங்கள் சில நொடிகளில் எடுத்துக் காட்டும் எண்ணை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. வீட்டில் யாருடைய போனாவது போட்டோக்களைப் பேக்கப் எடுக்கத் தொடங்கினால் போதும், வரிசை தேங்கும். தேக்கம் எல்லை மீறினால் ஓபிஎஸ் ஃப்ரேம்களைத் தூக்கிப் போட்டுவிட்டு முன்னே போகும். வைஃபையை விட்டுவிட்டுக் கேபிள் போடுவதுதான் முதல் வேலை, இதில் பேச்சுக்கே இடமில்லை. அது முடியாதவர்களுக்கு அட்வான்ஸ்டு அமைப்பில் நெரிசலைப் பார்த்து பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு அனுப்பும் டேட்டாவின் அளவை, தானாக ஏற்றி இறக்கும் வசதி இருக்கிறது. படம் சற்று மங்கும், ஆனால் வெட்டாது. அதை ஏன் எடுத்த எடுப்பிலேயே போட்டு வைக்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

எந்த வரி என்று குழப்பம் வந்தால், நேரலையில் விடாமல் அதே அமைப்பில் ஹார்ட் டிஸ்கில் பதிவு செய்து பாருங்கள். பதிவிலும் வெட்டினால் நெட் நிரபராதி.

மூன்றுமே பூஜ்யம், ஆனாலும் சாட்டில் புகார் வருகிறது என்றால்? பெரும்பாலும் அது பார்ப்பவர் பக்கத்துக் கதை. சின்னச் சேனல்களுக்கு ட்விட்ச் எப்போதும் 480பி, 360பி போன்ற குறைந்த தரத் தேர்வுகளைத் தருவதில்லை. நீங்கள் 6000இல் அனுப்பினால் மொபைல் டேட்டாவில் பார்ப்பவரும் அந்த 6000ஐயே விழுங்க வேண்டும். ஃபைபர் வைத்திருப்பவருக்கு நல்லாத்தான் வரும். பிட்ரேட்டை 4000 பக்கம் இறக்கி, 720பியில் விட்டால் இரண்டு பேரும் சண்டையில்லாமல் பார்க்கலாம்.

வெப்கேம் ஒரு தனித் தொல்லை. கேம் சரியாக ஓடும், மூலையில் நம் முகம் மட்டும் தத்தித் தத்தி அசையும். அறை இருட்டாக இருந்தால் வெப்கேம் வெளிச்சம் பிடிக்க ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். 30இல் ஓட வேண்டியது 15க்கு விழும். தானியங்கி எக்ஸ்போஷரை அணைத்துவிட்டு முகத்துக்கு நேரே ஒரு விளக்கைப் போட்டால் சரியாகிவிடும்.

இனி குறைகள். இவ்வளவு உருப்படியான பலகையை மெனுவுக்குள் ஒளித்து வைத்திருப்பது முதல் குறை. புதிதாக வருபவர் கண்ணில் அது படவே படாது. எண்ணைக் காட்டும், ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லாது. கீழே 'என்கோடிங் ஓவர்லோடெட்' என்று ஓர் எச்சரிக்கை வரும். கிராபிக்ஸ் கார்டு நிரம்பி வழிவதாலும் அது வரலாம் என்பதை யாராவது சொன்னால்தான் தெரியும். ஆரம்பத்தில் வரும் தானியங்கி அமைப்பு உதவியாளர் கேம் ஓடாதபோது கணினியைச் சோதித்து ஒரு முடிவு சொல்லும். கேமோடு சேர்த்து அது தாங்குமா என்பது நம் பாடு. ஓபிஎஸ் தன் செயல்பாட்டைக் குறித்து வைக்கும் லாக் கோப்பை ஹெல்ப் மெனுவில் பதிவேற்றினால் அதை அலசிச் சொல்லும் கருவி ஒன்று அவர்களிடமே இருக்கிறது, அது நல்ல உதவி. அதற்கும் வழிகாட்டும் பலகை எதுவும் கிடையாது.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். எதையாவது மாற்றியதும் ஸ்டேட்ஸில் உள்ள ரீசெட் பட்டனை அழுத்துங்கள். இல்லையென்றால் பழைய கணக்கும் புதியதும் கலந்து, சரியானது கூடச் சரியாகாதது போலத் தெரியும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும், கொஞ்ச நேரம் ஆடிப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடலாம்.

கேமே உங்கள் கணினியில் 30 ஃப்ரேமுக்கு மூச்சு வாங்குகிறது என்றால் மட்டும் இதில் எந்த வரியைத் திருத்தியும் பிரயோஜனமில்லை. அப்போது கேமின் கிராபிக்ஸ் தரத்தைக் குறையுங்கள், ஒளிபரப்பையும் 720பி 30இல் வையுங்கள். கட்டம் கட்டி ஆடும் கேம், சீட்டாட்டம் மாதிரி மெதுவானவற்றுக்கு அது தாராளம். வேகமான சுடும் கேம் ஆடுகிறவர்களுக்கு அது பிடிக்காது. அவர்கள் கார்டை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.