ஸ்பார்க் தரவுத் தொகுப்பு: கரும்பொருளா, திருத்திய ஈர்ப்பு விதியா என்று நாமே கணக்கிட்டுப் பார்க்க

கேலக்ஸிகளின் வெளி எல்லையில் வாயுவும் விண்மீன்களும் எதிர்பார்ப்பதைவிட வேகமாகச் சுற்றுவதற்கு, ஒளி தராமல் ஈர்ப்பை மட்டும் காட்டும் கரும்பொருள் காரணமா, அல்லது மிகக் குறைந்த முடுக்கத்தில் நியூட்டனின் விதியையே திருத்த வேண்டுமா என்ற விவாதத்தில் அக்கறை உள்ள எவருக்கும் நான் தயங்காமல் பரிந்துரைப்பது ஸ்பார்க் தரவுத் தொகுப்பு. ஃபெடெரிகோ லெல்லி, ஸ்டேசி மெக்கௌ, ஜேம்ஸ் ஷோம்பர்ட் ஆகிய மூவரும் 2016இல் வெளியிட்ட இதில், 175 வட்டு கேலக்ஸிகளின் சுழற்சி வளைவுகளும் (மையத்திலிருந்து விலகும்போது சுழலும் வேகம் மாறும் விதம்), ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி 3.6 மைக்ரான் அகச்சிவப்பில் பதிவு செய்த ஒளி அளவுகளும் ஒரே இடத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஒவ்வொரு கேலக்ஸிக்கும் ஒரு எளிய உரைக்கோப்பு உண்டு. மையத்திலிருந்து உள்ள தொலைவு, அங்கே அளந்த வேகம், அதன் பிழை ஆகியவற்றை அடுத்து, வாயு, வட்டு, மைய வீக்கம் ஆகியவை நியூட்டன் விதிப்படி தனித்தனியே எவ்வளவு வேகம் தரும் என்பதும் வரிசையாக இருக்கும். இந்தப் பிரிப்புதான் தொகுப்பின் பெரும்பலம். ஆனால் வட்டு, வீக்கம் இரண்டின் வேகங்களும் நிறை-ஒளி விகிதம் (சூரிய அலகுகளில், ஓர் அலகு ஒளிக்கு எவ்வளவு நிறை என்பது) 1 என்று கொண்டு கணக்கிடப்பட்டவை, வட்டுக்கு 0.5, வீக்கத்துக்கு 0.7 என்ற மதிப்புகளை வேகத்தின் வர்க்கத்தோடு நாம்தான் பெருக்கிக்கொள்ள வேண்டும். சில கோப்புகளில் வாயுவின் வேகம் கழித்தல் குறியோடு வருவது அச்சுப் பிழையன்று. மையத்தில் வாயு குறைந்திருந்தால் வெளியே உள்ள வாயு வெளிநோக்கி இழுக்கும்; வர்க்கம் எடுக்கும்போது அந்தக் குறியைத் தொலைத்துவிட்டால் கணக்கு தவறிவிடும்.

டிடிஓ 154 என்ற குறுங்கேலக்ஸியை எடுத்துக்கொள்ளலாம். அதன் நிறையில் பெரும்பகுதி வாயு என்பதால், நிறை-ஒளி விகிதத்தைப் பற்றிய ஐயம் விடையை அதிகம் பாதிக்காது. மோர்டெஹாய் மில்க்ரோம் 1983இல் முன்வைத்த, நியூட்டன் விதியைத் திருத்தும் மாண்ட் (MOND) கொள்கையின்படி, சுழற்சி வளைவில் வேகம் மாறாதிருக்கும் தட்டையான வெளிப்பகுதியின் வேகத்தின் நான்காம் அடுக்கு, ஈர்ப்பு மாறிலி, தெரியும் நிறை, ஏறத்தாழ 1.2×10⁻¹⁰ மீ/வி² என்ற முடுக்கம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலனுக்குச் சமம். கணக்கிட்டால் நொடிக்குச் சுமார் 50 கி.மீ. வருகிறது, அளந்த வேகம் சுமார் 47 கி.மீ. கரும்பொருளின் அளவென்று எதையும் இடையில் பொருத்தாமலே கிடைக்கும் இந்த நெருக்கம், கொள்கையை ஏற்காதவரையும் யோசிக்க வைக்கும்.

குறைகளும் உண்டு. மூலக்கூறு வாயு கணக்கில் சேர்க்கப்படவில்லை. பல கேலக்ஸிகளின் தொலைவு அண்ட விரிவிலிருந்து மட்டுமே பெறப்பட்டதால் அதன் பிழை எல்லா எண்களிலும் பரவுகிறது. எல்லாவற்றையும்விட, இங்கே கேலக்ஸிக் கொத்துகள் இல்லை. அங்கே மாண்ட் விதிப்படி கணக்கிட்டாலும், தேவைப்படும் நிறையில் ஏறத்தாழ பாதிதான் தெரியும் நிறையாகத் தேறுகிறது. இரண்டு கொத்துகள் மோதிய புல்லட் கொத்தும் மாண்டுக்குக் கடினமான சோதனை. ஸ்பார்க்கை மட்டும் பார்த்து வழக்கை முடிப்பது நியாயமாகாது.

புதிதாகத் தொடங்குவோர் முதன்மை அட்டவணையில் தரக்குறி 3 (மிகக் குறைந்த தரம்) உள்ளவற்றையும், சாய்வு 30 பாகைக்குக் குறைந்து நமக்கு ஏறத்தாழ நேர்முகமாக இருப்பவற்றையும் ஒதுக்கிவிட்டால் 153 கேலக்ஸிகள் மிஞ்சும். அவற்றிலும் செஃபீட் என்ற துடிக்கும் விண்மீன்களாலோ செம்பெரு விண்மீன்களாலோ தொலைவு அளக்கப்பட்டவற்றை முதலில் எடுப்பது நல்லது.