பழைய பெட்ரோல் எஞ்சினில் நாக்கிங்: 11 ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

டிஸ்ட்ரிபியூட்டரும் (பிளக்குகளுக்கு மின்சாரத்தை முறைப்படி பிரித்தனுப்பும் கருவி) கார்புரேட்டரும் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கருவி) கொண்ட 1.3 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார் ஒன்றை 11 ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். நான்காம் ஆண்டில், மேடு ஏறும்போது கியரை இறக்காமல் ஆக்சிலரேட்டரை அழுத்தினால், தகர டப்பாவில் கூழாங்கற்களைக் குலுக்குவது போன்ற ஓசை எழத் தொடங்கியது. ஸ்பார்க் பிளக் மூட்டிய சுடர் எரியறை முழுவதும் பரவுவதற்குள், மிஞ்சியிருக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானாகவே பற்றி, அதன் அழுத்த அலை சிலிண்டர் சுவரில் மோதுவதே நாக்கிங் எனப்படும் அந்த ஓசை.

முதலில் ஆக்டேன் எண் கூடிய பெட்ரோலுக்கு மாறினேன். ஓசை ஏறக்குறைய நின்றுவிட்டது. ஆக்டேன் எண் என்பது எரிபொருளின் ஆற்றலை அன்று, தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் திறனைக் குறிப்பது என்பதால், நோய் அப்படியே இருக்க வலியை மட்டும் அடக்கியிருக்கிறேன் என்பது ஓராண்டு கழித்தே புரிந்தது. அன்று கழற்றிய பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, வெண்மையான பீங்கான் மீது ஊசிமுனை அளவில் கரும்புள்ளிகளும், அவற்றின் நடுவே மினுமினுக்கும் சாம்பல் நிறத் துகள்களும் ஒட்டியிருந்தன. அந்தத் துகள்கள் பிஸ்டனிலிருந்து பெயர்ந்த அலுமினியம் என்று அறிந்தபோது உண்மையாகவே பதறிப்போனேன்.

டைமிங்கைத் தானாக மாற்றும் வாக்குவம் குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்துவிட்டு, ஐடிலிங்கில் (வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும் நிலையில்) டைமிங் லைட் என்ற சோதனை விளக்கு கொண்டு பார்த்ததில், இக்னிஷன் டைமிங், அதாவது பிஸ்டன் உச்சியை எட்டுவதற்கு எத்தனை டிகிரி முன்பே பிளக் பொறி விடுகிறது என்ற அளவு, 10 டிகிரியில் இருப்பதற்குப் பதிலாக 15 டிகிரிக்கு முன்னேறியிருந்தது; பொறி முந்தினால் அழுத்தமும் வெப்பமும் கூடி நாக்கிங் எழும். முந்தைய சர்வீசில் காதால் கேட்டே டைமிங் வைத்திருக்கிறார்கள். அதைச் சரிசெய்ததும் பாதிச் சிக்கல் தீர்ந்தது. எஞ்சிய பாதிக்காக ஹெட்டை (சிலிண்டர்களை மூடும் மேல்பாகத்தை) கழற்றியபோது, பிஸ்டன் தலையில் தடித்த கார்பன் படிந்திருந்தது. எரியறையின் இடத்தை அடைத்துக் கம்ப்ரஷனை (கலவை அழுத்தப்படும் அளவை) கூட்டுவதோடு, வெப்பம் வெளியேறாமலும் அது தடுக்கிறது. அதைச் சுரண்டி எடுத்த பிறகும் இரண்டே ஆண்டுகளில் ஓசை திரும்பிவிட்டது. தேய்ந்துபோன வால்வு ஸ்டெம் சீல்கள் (வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர் அடைப்புகள்) வழியாக ஆயில் கசிந்து கரியாகிக்கொண்டே இருந்ததுதான் மூலகாரணம். ஹெட் கையில் இருந்தபோதே அவற்றை மாற்றாதது என் பெரும் பிழை. இரண்டாம் முறை ஹெட்டைக் கழற்றியபோது சீல்களை மாற்றியதோடு, எஞ்சின் வெப்பத்தைக் குறைக்க, பாதி அடைபட்டிருந்த ரேடியேட்டரையும் தூய்மை செய்தேன்.

நாக்கிங்கை உணரும் நாக் சென்சார் உள்ள புதிய எஞ்சின்களில், ஈசியூ என்ற கட்டுப்பாட்டுக் கணினி டைமிங்கைப் பின்தள்ளிக் காப்பாற்றிவிடும். ஆயினும் அப்போது எஞ்சினின் இழுவை குறைவதைப் பொருட்படுத்தாமல் விடுவது நல்லதன்று என்பேன்.

சீல் மாற்றி நான்கு ஆண்டுகளாகின்றன. மேட்டில் கியரைத் தாமதமின்றி இறக்குகிறேன். கார் தயாரிப்பாளர் பரிந்துரைத்த சாதாரண பெட்ரோலையே நிரப்புகிறேன். சென்ற மாதம் கழற்றிய நான்கு பிளக்குகளின் பீங்கானும் ஒரு புள்ளிகூட இல்லாமல் இளம்பழுப்பு நிறத்தில் இருந்தன.