தொடுதிரை வழிகாட்டி: குறை கருவியிலா, பொருத்திய இடத்திலா?

காரின் பழைய ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் பொருத்தும் ஆண்ட்ராய்டு தொடுதிரை ஒன்றை, அதிலுள்ள ஜிபிஎஸ் வசதிக்காகவே வாங்கினேன். பாட்டு, புளூடூத் அழைப்பு, பின்புறக் கேமரா ஆகியவற்றில் குறை சொல்ல எதுவும் இல்லை. வழிகாட்டலில்தான் சிக்கல் தலைதூக்கியது. பிரதான சாலையில் செல்லும் காரைப் பக்கத்துச் சர்வீஸ் சாலையில் காட்டுவதும், திருப்பத்தைக் கடந்த பிறகு திரும்பச் சொல்வதும், கார் நின்றிருக்கும்போதே அம்புக்குறி நகர்ந்து அருகிலுள்ள கட்டடத்துக்குள் புகுவதும் வாடிக்கையாயின.

இந்தத் தவறுகளை எல்லாம் ஒரே கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. புதிதாகப் போட்ட சாலையில் செல்லும் கார், திரையில் சாலையே இல்லாத வெற்றிடத்தில் ஓடினால் கோளாறு வரைபடத்தில் இருக்கிறது; அதைப் புதுப்பித்தால் தீர்ந்துவிடும். நின்ற இடத்திலேயே அம்புக்குறி அலைந்தால் சிக்னல் சரியாக வந்து சேரவில்லை என்று பொருள். இந்த வேறுபாட்டைப் பற்றிக் கையேடு மூச்சு விடவில்லை; எந்தக் கோளாறானாலும் கருவியை அணைத்துவிட்டு மீண்டும் இயக்குமாறு சொல்வதோடு அது கடமையை முடித்துக்கொள்கிறது.

ஆண்ட்ராய்டு கருவி என்பதால், ஒவ்வொரு செயற்கைக்கோளின் சிக்னல் வலிமையையும் எண்ணாகக் காட்டும் இலவசச் செயலி ஒன்றை இதில் நிறுவ முடிந்தது. மறைப்பில்லாத வெட்டவெளியில் பல செயற்கைக்கோள்களேனும் 40 டெசிபல்-ஹெர்ட்ஸ் (சிக்னல் வலிமையைக் குறிக்கும் அலகு) அளவை ஒட்டி நிற்க வேண்டும். இங்கோ 25-ஐத் தாண்டுவதற்கே அவை திணறின. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் சிக்னல் தரையை எட்டும்போது மிகவும் மெலிந்திருக்கும் என்பதால், குறுக்கே ஓர் இரும்புத் தகடு இருந்தாலே அது அடிபட்டுப் போகும். இடத்தையும் நேரத்தையும் கணிக்கக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவை.

திரையைச் சுற்றியிருந்த சட்டத்தைக் கழற்றியதும் விஷயம் விளங்கிவிட்டது. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய சதுர ஆண்டெனாவை, டாஷ்போர்டுக்குள் இருக்கும் இரும்புச் சட்டத்தில் அதன் காந்தத்தாலேயே ஒட்டவைத்து, எஞ்சிய ஒயரோடு சேர்த்துப் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கியிருந்தார்கள். வானத்தைப் பார்க்க வேண்டிய முகம் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. பொருத்திக் கொடுத்தவர்களுக்கு அது வெளியே தெரியாமல் இருந்தால் போதும் என்ற எண்ணம் போலும். அதை முன்கண்ணாடியின் அடியோரத்தில், டாஷ்போர்டின் மேல் முகம் நிமிர்த்தி வைத்ததும் எண்கள் உடனே உயர்ந்தன. அம்புக்குறியின் அலைச்சலும் நின்றது. ஆனால் வெப்பத்தைத் தடுக்கும் உலோகப் பூச்சுள்ள கண்ணாடியாக இருந்தால் இந்த இடமும் உதவாது. தரமற்ற யுஎஸ்பி சார்ஜரும் டேஷ்கேமும்கூட இரைச்சலைக் கிளப்பிச் சிக்னலைக் கெடுக்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எண்களைக் கவனித்தால் எது காரணம் என்று தெரிந்துவிடும்.

நெடுநேரம் நிறுத்திவைத்த காரை எடுக்கும்போது இருப்பிடம் தெரிய அரை நிமிடத்துக்கு மேல் ஆவதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை. இணையத் தொடர்பு இல்லாதபோது, செயற்கைக்கோள் தன் பாதை விவரங்களை 30 விநாடிக்கு ஒரு முறை திரும்ப அனுப்புவதைக் கேட்டுத்தான் கருவி கணக்கைத் தொடங்க முடியும்.

ஆண்டெனாவை இடம் மாற்றியும் தீராத குறைகள் உண்டு. உயர்ந்த கட்டடங்களுக்கிடையே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி, கூடுதல் தூரம் கடந்து வருவதால் கணிப்பு விலகுகிறது. மேம்பாலத்தின் மேலா கீழா என்பதிலும் தடுமாற்றம் இருக்கிறது. ஜிபிஎஸ்ஸில் உயரத்தின் பிழை பொதுவாகக் கிடைமட்டப் பிழையைவிட அதிகம் என்பதால், இதற்காக இந்தக் கருவியை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. சுரங்கப்பாதையில் அம்புக்குறி உறைந்து நிற்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தொழிற்சாலையிலேயே பொருத்தப்படும் பல அமைப்புகள் சக்கரத்தின் வேகத்தையும், கார் திரும்புவதை உணரும் கைரோஸ்கோப்பையும் வைத்து அந்த இடைவெளியை இட்டு நிரப்புகின்றன. இதில் அதற்கான வேக ஒயர் இணைப்பே கிடையாது. சுரங்கப்பாதை வழியாக அன்றாடம் செல்வோர் அந்த இணைப்புள்ள வேறொன்றைப் பார்க்கலாம். மற்றவர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம். டாஷ்போர்டை மூடுவதற்கு முன் ஆண்டெனாவை எங்கே வைத்தார்கள் என்பதை மட்டும் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.